ஒட்டகம் தெரியும்... சிவிங்கி எங்கே?

ஒட்டகச்சிவிங்கி என்றால் எல்.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கும் தெரியும். நீண்ட கழுத்து, உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒட்டகம் + சிவிங்கி. ஒட்டகம் போன்ற உடம்பு, சிவிங்கி போன்ற புள்ளி. அதனால் வந்த பெயர் அது.

சரி, ஒட்டகம் தெரியும். சிவிங்கி?

அகராதியைப் புரட்டினால் பதில் கிடைக்கும். ஆங்கிலத்தில் சீட்டா என்று சொல்கிறார்களே, தரையில் ஓடும் விலங்குகளிலேயே வேகமானது, அதுதான் சிவிங்கி. சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தை மரம் ஏறும், பதுங்கிப் பாயும், காட்டில் வாழும். சிவிங்கி புல்வெளியில் வாழும், துரத்திப் பிடிக்கும். கண்ணில் இருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தால் அது சிவிங்கி.

இன்னொரு வேடிக்கை. சீட்டா என்ற ஆங்கிலச் சொல்லே இங்கிருந்து போனதுதான். இந்தியில் சீத்தா. அதன் வேர் 'புள்ளி உடையது' என்ற பொருள் கொண்ட சமஸ்கிருதச் சொல். இன்று ஆப்பிரிக்காவில் ஓடும் விலங்கையும் உலகம் ஓர் இந்தியப் பெயரால்தான் அழைக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த இந்தியாவில், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த விலங்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன்? வேட்டையாடிச் சுட்டுத் தள்ளினார்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லி விடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கொஞ்சம் விசித்திரமானது. சிவிங்கியை அழித்ததில், அதன் வேகத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கும், ஆசை ஆசையாக வளர்த்தவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு!

ஓடுவதற்கென்றே ஓர் உடம்பு

முதலில் அந்த வேகத்தைப் பார்த்து விடலாம். மணிக்கு 110 கி.மீ., 120 கி.மீ. என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்போம். கொஞ்சம் கவனமாக அளந்த கணக்குகளும் இருக்கின்றன.

2012ல் அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த சாரா என்ற பெண் சிவிங்கி 100 மீட்டரை 5.95 வினாடியில் ஓடியது. 2009ல் உசைன் போல்ட் வைத்த உலக சாதனை 9.58 வினாடி. போல்ட் எல்லைக் கோட்டைத் தொடும்போது சாரா ஓடி முடித்து மூன்றரை வினாடி ஆகியிருக்கும்!

ஆனால் இது சமதரையில், நேர்க்கோட்டில், பொம்மை இரையைத் துரத்திய ஓட்டம். காட்டில்? 2013ல் வெளியான ஓர் ஆய்வில், போட்ஸ்வானாவில் 5 சிவிங்கிகளின் கழுத்தில் கருவி கட்டி 367 ஓட்டங்களை அளந்தார்கள். அதிகபட்ச வேகம் மணிக்கு 93 கி.மீ. வந்தது. ஆனால் பெரும்பாலான ஓட்டங்கள் அதைவிட எவ்வளவோ மெதுவானவை. சராசரி ஓட்ட தூரம் வெறும் 173 மீட்டர். நான்கு முறை ஓடினால் ஒரு முறைதான் இரை கிடைத்தது.

சிவிங்கியின் உண்மையான திறமை எங்கே இருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. நேராக ஓடும் வேகத்தை விட, சட்டென்று வேகம் எடுப்பதும், சட்டென்று வேகத்தைக் குறைப்பதும், ஓடிக்கொண்டே திரும்புவதும்தான் இரையைப் பிடித்துக் கொடுக்கின்றன. பைக் ஓட்டுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நேர் ரோட்டில் வேகம் போக எல்லோராலும் முடியும். அதே வேகத்தில் வளைவில் திரும்புவதுதான் கஷ்டம்.

அதற்கேற்ற உடம்பு அதற்கு. பூனை இனத்தில் மற்றவற்றில் பெரும்பாலானவை நகத்தை முழுவதும் உள்ளே இழுத்துக் கொள்ளும். சிவிங்கியால் அப்படி முடியாது. நகம் எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். ஓட்டப் பந்தய வீரர்களின் ஆணி வைத்த ஷூ போல அது தரையைப் பற்றிக் கொள்ளும். நீண்ட வால், திரும்பும்போது உடம்பு சாய்ந்து விடாமல் பார்த்துக் கொள்ளும். முதுகெலும்பு வில் போல வளைந்து நிமிரும். ஒரு பாய்ச்சலில் 6, 7 மீட்டர் தாண்டும்.

இவ்வளவுக்கும் அது கொடுத்த விலை? பலம். ஒல்லியான உடம்பு, சிறிய தலை, சிறிய பற்கள். இரையைக் கொன்ற பிறகு ஒரு கழுதைப்புலியோ சிங்கமோ வந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சிங்கத்தைப் போலக் கர்ஜிக்கவும் வராது. பூனை போல உறுமும், பறவை போலக் கீச்சிடும்.

துரத்தப்படுபவனும் லேசுப்பட்டவன் இல்லை

சிவிங்கியைப் பற்றிப் பேசும்போது வெளிமானை விட்டுவிட முடியாது. முறுக்கிய கொம்பும் கறுப்பு வெள்ளை உடம்பும் கொண்ட ஆண் வெளிமானை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மணிக்கு 80 கி.மீ. வரை ஓடும் என்கிறார்கள். கூட்டமாக ஓடும்போது நடுநடுவே நான்கு கால்களையும் தூக்கி ஆள் உயரத்துக்கு எம்பிக் குதிக்கும்.

சிவிங்கியின் பலம் சில நூறு மீட்டர்தான். அதற்குள் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெளிமானோ வேகம் குறையாமல் நெடுந்தூரம் ஓடும். முதல் சில வினாடிகளில் தப்பித்து விட்டால் ஜெயித்த மாதிரிதான். ஒன்று வேகமானால் மற்றதும் வேகமாக வேண்டும். இந்தப் போட்டி பல ஆயிரம் ஆண்டுகளாக இந்தியப் புல்வெளிகளில் நடந்தது. மேற்கே குஜராத்தில் இருந்து மத்திய இந்தியா, தக்காணம், மைசூர்ச் சீமை என்று சிவிங்கி பரவி இருந்தது.

பிறகு மூன்றாவதாக ஒருவன் இந்தப் போட்டிக்குள் நுழைந்தான். மனிதன்.

அரண்மனைக்குள் வந்த வேகம்

சிவிங்கியைப் பழக்கி மான் வேட்டைக்கு அழைத்துச் செல்வது இந்திய அரசர்களின் பழைய பொழுதுபோக்கு. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற நூலிலேயே இந்த வேட்டை பற்றி வருகிறது.

வேட்டை நடக்கும் விதம் இதுதான். சிவிங்கியின் கண்ணைக் கட்டி ஒரு மாட்டு வண்டியில் உட்கார வைப்பார்கள். வெளிமான்கள் மாட்டு வண்டியைப் பார்த்துப் பழகியவை. அதனால் மிரளாது. வண்டி சுற்றிச் சுற்றி அருகில் போகும். போதுமான தூரம் வந்ததும் கண்கட்டை அவிழ்த்து விடுவார்கள். அடுத்த சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். மானின் கழுத்தைக் கவ்விப் பிடித்துக் கொண்டிருக்கும் சிவிங்கியிடம் காவலர் ஓடிப்போய், ஒரு கரண்டியில் ரத்தம் பிடித்துக் கொடுத்து, மானை விடுவித்து, மறுபடி கண்ணைக் கட்டி வண்டியில் ஏற்றுவார்.

இந்த விளையாட்டில் உச்சத்துக்குப் போனவர் அக்பர். 1555ல் சிறுவனாக இருந்தபோது அவருக்கு முதல் சிவிங்கி பரிசாகக் கிடைத்தது. அதன் பெயர் ஃபதேபாஸ். அன்று பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை. ஒரே சமயத்தில் 1,000 சிவிங்கிகள் அவரிடம் இருந்தன என்று அவர் மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் சேர்த்தது 9,000 என்றும் ஒரு கணக்கு உண்டு.

அக்பரின் நிர்வாகத்தைச் சொல்லும் அயினி அக்பரி என்ற நூலில் சிவிங்கிகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு இருப்பது போல அவற்றுக்கும் எட்டு வகுப்புகள்! முதல் வகுப்புச் சிவிங்கிக்குத் தினம் 5 சேர் இறைச்சி. எட்டாம் வகுப்புக்கு இரண்டே முக்கால் சேர். ஞாயிற்றுக்கிழமை விலங்குகளை வெட்டுவதில்லை என்பதால் சனிக்கிழமையே இரண்டு பங்காகக் கொடுத்து விடுவார்கள். பிடிக்கும் குழியில் விழுந்து கால் ஒடியாமல் இருக்க, ஆழம் குறைந்த, கதவு வைத்த குழியை அக்பரே யோசித்துச் செய்தார் என்றும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் பயிற்சியை அவர் 18 நாளாகக் குறைத்தார் என்றும் அதில் இருக்கிறது.

1572ல் இன்றைய ஜெய்ப்பூர் பக்கம் உள்ள சாங்கானேர் அருகே நடந்த வேட்டையில் ஒரு சிவிங்கி 25 கெஜம் அகலமுள்ள பள்ளத்தைத் தாண்டிக் குதித்து மானைப் பிடித்ததாம். அக்பருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பதவி உயர்வு கொடுத்து, அது போகும்போது முன்னால் முரசு அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். 25 கெஜம் என்பது கிட்டத்தட்ட 23 மீட்டர். அரசவை எழுத்தாளர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பார்த்தவர்கள் எவ்வளவு பிரமித்தார்கள் என்பதற்கு அந்த முரசே சாட்சி.

வரவு இல்லாத கணக்கு

இவ்வளவு அன்பு, இவ்வளவு கவனிப்பு, இவ்வளவு இறைச்சி. அப்படியானால் சிவிங்கிகள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா?

இல்லை. இங்கேதான் கதையே இருக்கிறது.

ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் 1613ஆம் ஆண்டு வாக்கில் ஒரு அதிசயத்தைப் பதிவு செய்கிறார். தன் தந்தை சிவிங்கிகள் குட்டி போட வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டார், கழுத்துப் பட்டையைக் கழற்றித் தோட்டத்தில் விட்டும் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஓர் ஆண் சிவிங்கி தானாகவே பட்டையை உருவிக் கொண்டு போய் ஒரு பெண் சிவிங்கியுடன் சேர்ந்தது. இரண்டரை மாதம் கழித்து மூன்று குட்டிகள் பிறந்து வளர்ந்தன. விசித்திரமாக இருந்ததால் எழுதி வைக்கிறேன் என்கிறார்.

மூன்றே மூன்று குட்டிகள்! அதற்குப் பிறகு மனிதன் கட்டுப்பாட்டில் சிவிங்கி குட்டி போட்டதாக அடுத்த பதிவு 1956ல், அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில். இடையில் 343 ஆண்டுகள். அந்தக் குட்டிகளும் மூன்று மாதம் தாண்டவில்லை.

காரணம் அதன் வாழ்க்கை முறை. பெண் சிவிங்கி தனியாக, பல நூறு சதுர கிலோமீட்டர் அலைந்து திரியும். ஆண்கள், பெரும்பாலும் கூடப் பிறந்தவை, சிறு கூட்டமாக இருக்கும். அவை தேடி வந்து, துரத்தி, நாட்கணக்கில் சுற்றி வந்த பிறகுதான் இணை சேரும். சங்கிலியில் கட்டி வரிசையாகக் கட்டிலில் படுக்க வைத்தால் அது எப்படி நடக்கும்?

அரண்மனைகள் குட்டியைப் பிடித்து வளர்க்கவும் விரும்பவில்லை. தாயிடம் வேட்டை கற்காத குட்டி வேட்டைக்கு உதவாது. அதனால் தாய் தேவையில்லை, குட்டி தேவையில்லை. காட்டில் வளர்ந்து, ஓடிப் பழகிய முழுச் சிவிங்கிதான் வேண்டும். சிவிங்கிகள் நகம் கீற வரும் மரங்களைத் தெரிந்து வைத்துக் கொண்டு, அங்கே சுருக்கு வைத்துப் பிடிப்பார்கள்.

கடை நடத்துபவர்களுக்குத் தெரிந்த பழைய புத்தி ஒன்று உண்டு. வட்டியைச் சாப்பிடலாம், முதலைச் சாப்பிடக் கூடாது. யானைக்கும் குதிரைக்கும் அரசர்கள் எவ்வளவு செலவு செய்தாலும், குதிரை குட்டி போடும். சிவிங்கிக் கணக்கில் பற்று மட்டுமே உண்டு, வரவே கிடையாது. கொட்டடியில் ஒரு சிவிங்கி செத்தால், அந்த இடத்தை நிரப்பக் காட்டில் இருந்து இன்னொன்று வர வேண்டும். ஒவ்வொரு முறையும், குட்டி போடும் வயதில் இருந்த ஒரு விலங்கு காட்டில் இருந்து நிரந்தரமாகக் கழிந்தது. இது அக்பரோடு நிற்கவில்லை. சிற்றரசர்கள், ஜமீன்கள் என்று பல நூறு ஆண்டுகள் தொடர்ந்தது.

சென்னையில் இருந்து லண்டனுக்கு

வெள்ளைக்காரர்கள் வந்தபோது அவர்களுக்கும் இந்த வேகம் வேடிக்கையாக இருந்தது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், ஊர் திரும்பியபோது மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசாகக் கொடுத்தார். 1764ல் விண்ட்சர் பூங்காவில் வலை கட்டி அடைத்த இடத்தில், ஒரு பெரிய கொம்பு மானோடு அதை மோத விட்டார்கள். கூட்டம் கூடிப் பார்த்தது. மான் கொம்பை நீட்டி எதிர்த்து நிற்க, சிவிங்கி பின்வாங்கியது. கடைசியில் வலையைத் தாண்டி வெளியே ஓடி, தானே ஒரு மானைத் துரத்திக் கொன்றது! ஓட இடம் இல்லாமல் அதன் திறமை வெளிப்படாது என்பதை அந்தச் சிவிங்கி அன்றே காட்டிவிட்டது. அதையும் அதோடு போன இரண்டு இந்தியக் காவலர்களையும் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் வரைந்த படம் இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது.

ஆனால் பிரிட்டிஷ் ஆட்சி முழுக்க இப்படி வேடிக்கையாக இல்லை. சிங்கம், புலி, சிறுத்தை வரிசையில் சிவிங்கியையும் சேர்த்து, கொன்றால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். மனிதரைத் தாக்கும் வழக்கமே இல்லாத விலங்கு அது. இந்தியாவில் அதனால் மனிதர் இறந்ததாகப் பதிவானது ஒன்றே ஒன்று. 1880ல், அப்போதைய சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினம் பகுதியில், ஒரு ஆங்கில அதிகாரி இறந்தார். அதுவும் காட்டுச் சிவிங்கி இல்லை. விஜயநகரம் ராஜாவின் வளர்ப்புச் சிவிங்கி.

இன்னொரு பக்கம் புல்வெளிகள் வயலாகின. விவசாயம் இல்லாத புல்வெளி, அரசுக் கணக்கில் 'தரிசு'. வெளிமான்களும் சுடப்பட்டுக் குறைந்தன. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது இந்தியாவில் சிவிங்கி கிடைப்பதே அரிதாகி விட்டது.

அப்போதாவது வேட்டையை நிறுத்தினார்களா? இல்லை. பாவ்நகர், கோலாப்பூர் போன்ற சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவில் இருந்து இறக்குமதி செய்ய ஆரம்பித்தன. 1918 முதல் 1945 வரை ஏறக்குறைய 200 சிவிங்கிகள் கப்பலில் வந்தன. சொந்தக் கிணறு வற்றிய பிறகு விலைக்குத் தண்ணீர் வாங்கிய கதைதான்.

ஓர் இரவு, மூன்று சிவிங்கிகள்

1947. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ், இரவில் காரில் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் மூன்று சிவிங்கிகள் தெரிந்தன. மூன்றையும் சுட்டார். மூன்றும் இளம் ஆண்கள். ஒரே தாயின் குட்டிகளாக இருக்கலாம். படத்தோடு செய்தி பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழுக்குப் போனது. ஆசிரியர்களுக்கு வந்த கோபத்தில் அதைக் குப்பைத் தொட்டியில் போடத்தான் முதலில் தோன்றியதாம். ஆனாலும் இந்த அநியாயம் பதிவாக வேண்டும் என்று வெளியிட்டார்கள்.

இந்தியாவில் சிவிங்கி இருந்ததற்கு ஐயமில்லாத கடைசி ஆதாரம் அந்தப் படம்தான். 1952ல் இந்திய அரசு சிவிங்கி அற்றுப் போனதாக அறிவித்தது. ஓடினால் எதுவும் பிடிக்க முடியாத ஒரு விலங்கு, கார் விளக்கின் முன்னால் ஓடாமல் நின்றபோது முடிந்து போனது.

திரும்பி வந்தது எது?

ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டுமே மிச்சம். 2022ல் அந்நாட்டு அதிகாரி ஒருவர் சொன்ன எண்ணிக்கை 12. அங்கிருந்து கேட்டுப் பெறுவதற்கு வழியில்லை.

அதனால் இந்தியா ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவில் இருந்து 8 சிவிங்கிகள் விமானத்தில் வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் இறங்கின. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் இருந்து 12. பிரச்சினைகளும் கூடவே வந்தன. அந்த ஆண்டே பல சிவிங்கிகள் இறந்தன. மார்ச்சில் பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று, மே மாத வெயிலைத் தாங்காமல் போயின.

மிஞ்சிய ஒரு பெண் குட்டிக்கு முகி என்று பெயர். மனிதர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த குட்டி அது. 2025 நவம்பரில் அந்த முகி ஐந்து குட்டிகளை ஈன்றது. இந்திய மண்ணில் பிறந்த சிவிங்கி ஒன்று இந்திய மண்ணிலேயே தாயானது. ஜஹாங்கீர் இருந்திருந்தால் நிச்சயம் எழுதி வைத்திருப்பார்!

இதை வெற்றி என்று சொல்லச் சிலர் அவசரப்படுகிறார்கள், தோல்வி என்று சொல்லச் சிலர் அவசரப்படுகிறார்கள். ஆப்பிரிக்கச் சிவிங்கி நம் பழைய சிவிங்கி ஆகுமா, குனோவின் இடம் போதுமா என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் ஒன்று மட்டும் இந்த 900 ஆண்டு வரலாற்றில் இருந்து தெரிகிறது. சிவிங்கிக்கு ரசிகர்கள் குறைந்ததே இல்லை. முரசு அடித்தார்கள், ஓவியம் வரைந்தார்கள், கப்பலில் அனுப்பினார்கள். அது கேட்டது ஓடுவதற்கு ஒரு புல்வெளியும், துரத்துவதற்கு மானும்தான். அதை மட்டும் யாரும் விட்டுவைக்கவில்லை.

சென்னை கிண்டி தேசியப் பூங்காவிலும், ஐ.ஐ.டி. வளாகத்திலும், கோடியக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டிலும் வெளிமான்கள் இன்னும் இருக்கின்றன. ஏதாவது சத்தம் கேட்டால் அதே பழைய வேகத்தில் ஓடுகின்றன, நான்கு கால்களையும் தூக்கிக் குதிக்கின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் துரத்த அங்கே இப்போது எதுவும் இல்லை.

அடுத்த முறை குழந்தைக்கு ஒட்டகச்சிவிங்கி படத்தைக் காட்டும்போது, பெயரின் பின்பாதியையும் சொல்லிக் கொடுங்கள். அதுவும் ஒரு விலங்குதான் என்று.